மறைந்த மேதைகளின் ஒரே ஒரு கச்சேரி: எந்த அணியைத் தேர்ந்தெடுப்பது?

சென்னையின் டிசம்பர் கச்சேரி சீசன் நெருங்கினால் ரசிகர்கள் நடுவே தவறாமல் கிளம்பும் கேள்வி இது: மறைந்துபோன கர்நாடக சங்கீத மேதைகளில் யாரை வேண்டுமானாலும் ஒரே மேடையில் உட்கார வைக்கலாம் என்றால், யார் பாட்டு, யார் வயலின், யார் மிருதங்கம்? ஒரே மாலை, மூன்று மணி நேரம், மறுபடி வாய்ப்பு கிடையாது.

கேட்டவுடன் எல்லோரும் உற்சாகமாக ஆரம்பிப்பார்கள். நாலு பெயர் சொன்னதும் சிக்கிக்கொள்வார்கள். ஜி.என்.பி.யை (ஜி.என்.பாலசுப்பிரமணியத்தை) வைத்தால் எம்.டி.ராமநாதனை விட வேண்டும். பாலக்காடு மணி ஐயரைப் போட்டால் பழனி சுப்பிரமணிய பிள்ளை வெளியே. "எப்படித்தான் முடிவு பண்றது?" என்று என்னிடம் கேட்டவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. விளையாட்டுக் கேள்விதான். ஆனால் இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்தால், பக்கவாத்தியத்தைக் கேட்கிற விதமே மாறிவிடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு இடத்துக்கும் பெரிய பெயர் எது என்று தேடினால் விடை வராது. யார் குரலுக்கு யார் கை பொருந்தும் என்று பார்க்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: நிஜத்தில் நடந்து, பதிவும் இருக்கிற கூட்டணிக்காகக் கனவைச் செலவழிக்க வேண்டாம். அதை இன்று ராத்திரியே கேட்டுக்கொள்ளலாம். காலண்டர் சேரவிடாமல் தடுத்தவர்களுக்குத்தான் கனவு தேவை.

## அளவுகோல்கள்

சுருதி. எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகிறது. பாட்டுக்கு ஆதாரமான ஸ்வரத்தின் உயரம் அது, அதைக் கட்டை என்ற அளவில் சொல்வார்கள். பொதுவாக ஆண்கள் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். பெண்கள் நாலரையிலிருந்து ஆறு வரை. வயலின்காரர் தந்தியை முறுக்கியோ தளர்த்தியோ பாடகரோடு சேர்ந்துகொள்வார். மிருதங்கத்தில் அந்தச் சுதந்திரம் குறைவு. கல்லையும் மரத்துண்டையும் வைத்துக்கொண்டு வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) ஓரத்தைத் தட்டித் தட்டிச் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும், அதுவும் கொஞ்சம்தான். அதைத் தாண்டினால் வாத்தியத்தையே மாற்ற வேண்டும். தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம் உடல் பெரியது, வாய் அகலம். ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம் சிறியது. இரண்டின் பேச்சும் வேறு. தக்கு சுருதியில் தொப்பி (கனத்த ஓசை தரும் மறுபக்கம்) ஆழமாக இறங்கும், அதில் எழும் கும்கி என்ற முழக்கம் நீண்டு நிற்கும். ஹெச்சு சுருதியில் வலந்தலைச் சொற்கள் (விரல் அடிகள்) பளிச்சென்று விழும், தொப்பியின் கனம் குறையும். ஆகவே தொப்பிக்குப் பேர்போனவரை மேல் சுருதிப் பாட்டுக்குப் போட்டால், அவரிடம் இருப்பதில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வதாகும்.

கடத்துக்கு இன்னும் கஷ்டம். சூளையிலிருந்து வந்தபின் அதன் சுருதி அதுதான். களிமண் ஒட்டிச் சற்று இறக்கலாம், அவ்வளவே. கஞ்சிராவுக்கு இந்தத் தொல்லை இல்லை. தோலின் உட்புறத்தில் தண்ணீர் தடவிக் குரலை இறக்கிக்கொள்ளலாம்.

எந்த வயது. இதை யாரும் கேட்பதில்லை, கேட்டே ஆக வேண்டும். ஜி.என்.பி. என்றால் எந்த ஜி.என்.பி.? 1940களில் பறந்த குரலா, 1960களில் தளர்ந்த குரலா? கனவில் ஆளோடு வருஷத்தையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும்.

மைக். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மேடைக்கு வந்தவர்களில் சிலர் மைக்கோடு பழகினார்கள், சிலர் கடைசிவரை ஏற்கவில்லை. இது அரங்கின் அளவையே தீர்மானிக்கும்.

விட்டுக்கொடுக்கும் குணம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் பத்துப் பதினைந்து நிமிஷம் போக, மீதி நேரமெல்லாம் மிருதங்கக்காரர் இன்னொருவர் பாட்டுக்குத்தான் வாசிக்கிறார். வயலினும் அப்படியே.

பதிவு. கேட்டுச் சரிபார்க்க முடியாதவர்களை நான் சேர்க்கவில்லை. மகா வைத்தியநாத ஐயரையும் திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயரையும் சொல்லிப் பார்க்க ஆசைதான். 1893லும் 1913லும் மறைந்தவர்கள் அவர்கள். நமக்குக் கிடைத்திருப்பது அவர்களைப் பற்றிய கதைகள், சங்கீதம் இல்லை.

## ஐந்து அணிகள், ஒரே பார்வையில்

| அணி | முன்னணி | வயலின் | தாளம் | சுருதி | பெரிய பலம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|---|
| 1 | அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் | கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை | பாலக்காடு மணி ஐயர், கஞ்சிராவில் பழனி | ஆண் சுருதி | அலுப்பே தராத கச்சேரி அமைப்பு | மைக் விவகாரம். ஏற்கெனவே நடந்த கூட்டு |
| 2 | ஜி.என்.பாலசுப்பிரமணியம் (1940கள்) | லால்குடி ஜெயராமன் (1970கள்) | பாலக்காடு ரகு, ஆலங்குடி ராமச்சந்திரனின் கடம் | மேல் சுருதி | வேகம், பிருகா (உதிரும் துரித ஸ்வரக் கோர்வை), பொலிவு | மூச்சுவிட இடமில்லாமல் போகலாம் |
| 3 | எம்.டி.ராமநாதன் (1970கள்) | டி.என்.கிருஷ்ணன் | பழனி, ஹரிசங்கரின் கஞ்சிரா | மிகத் தாழ்ந்த சுருதி | ஆழம், நாதம் | பாட்டு குறைவு, புதியவர்களுக்குக் கடினம், உட்காரும் இடம் |
| 4 | டி.கே.பட்டம்மாள் | எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன் | பாலக்காடு மணி ஐயர் | பெண் சுருதி | பாடாந்தரம் (பாட்டைக் கற்ற பாடம்), லயம் | மிருதங்கத்தின் தொப்பி அடங்கும் |
| 5 | என்.ரமணி (குழல்), ஆர்.வெங்கட்ராமன் (வீணை) | லால்குடி ஜெயராமன் | வேலூர் ராமபத்ரன் | வாத்திய சுருதி | சேர்ந்து வாசித்த பழக்கம் | சாகித்யம் காதில் விழாது |

எம்.எஸ்.சுப்புலட்சுமி எங்கே என்று கேட்பீர்கள். அவருடைய கச்சேரி, கூடவே பாடிய மகள் ராதாவின் குரல், பாட்டு வரிசை, பக்கவாத்தியம் என்று எல்லாம் சேர்ந்து பின்னப்பட்ட ஒன்று. அதிலிருந்து அவரை மட்டும் தனியே எடுத்து வேறு அணியில் வைப்பது அவருக்கு நியாயம் செய்யாது என்பது என் எண்ணம்.

## அணி 1: அரியக்குடி, ராஜமாணிக்கம் பிள்ளை, மணி ஐயர்

வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள் சில, நடுவே விஸ்தாரமான ராகம், பல்லவி, கடைசியில் துக்கடா (சின்னச் சின்னப் பாட்டுகள்) என்று இன்று சபாவில் நாம் கேட்கிற கச்சேரிப் பத்ததிக்கு வடிவம் கொடுத்தவர் அரியக்குடி (1890-1967). அவர் கச்சேரியில் எதுவும் தேவைக்கு மேல் நீளாது. மத்தியம காலத்திலேயே ஓடும் பாட்டு. மிருதங்கத்துக்குப் பிடித்துக்கொள்ள ஆயிரம் கொக்கி. மணி ஐயருக்கு (1912-1981) அரியக்குடியின் பாட்டின் மேல் இருந்த பக்தி ஊரறிந்தது. பாட்டின் எடுப்பையும் சங்கதியையும் அப்படியே மிருதங்கத்தில் வரைந்து காட்டும் கை அவருடையது. 1966இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் மிருதங்க வித்வான் அவர்தான்.

பழனியைக் கஞ்சிராவில் போட்டதற்குக் காரணம் உண்டு. மணி ஐயர் மிருதங்கம், பழனி கஞ்சிரா என்று இருவரும் சேர்ந்து உண்மையிலேயே வாசித்திருக்கிறார்கள். "மணி ஐயரா, பழனியா?" என்று தவிப்பவர்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள இருக்கும் ஒரே வழி இது.

செலவு? மணி ஐயர் பிற்காலத்தில் மைக்கே வேண்டாம் என்று உறுதியாக நின்றவர். அவரை அவருக்குப் பிடித்த மாதிரி வாசிக்க விடுவதென்றால் சின்ன அரங்கம்தான், சில நூறு பேர்தான். அப்படியானால் வயலினில் ராஜமாணிக்கம் பிள்ளைக்குப் பதில் மைசூர் சௌடையாவை யோசிக்கலாம். மைக் இல்லாத காலத்தில் வயலின் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்றே ஏழு தந்தி வயலினை உருவாக்கியவர் அவர்.

இந்த அணி யாருக்கு? கர்நாடக சங்கீதத்துக்குப் புதிதாக வந்தவர்களை அழைத்துப்போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வேன். மூன்று மணி நேரமும் ஒருவர்கூட எழுந்து போகமாட்டார். ஆனால் இவர்கள் சேர்ந்து வாசித்த காலம் ஒன்று இருந்தது, கேட்டவர்கள் இருந்தார்கள். கனவைப் பயன்படுத்த இது போதுமான காரணமா என்பதில் எனக்குத் தயக்கம்.

## அணி 2: ஜி.என்.பி., லால்குடி, பாலக்காடு ரகு

ஜி.என்.பி. (1910-1965) நாகஸ்வரத்தின் பிருகாவையும் பாய்ச்சலையும் வாய்ப்பாட்டுக்குக் கொண்டுவந்தவர். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவரை எவ்வளவு பாதித்தது என்பது அவர் ராகம் பாடும்போதே தெரியும். ஆண் பாடகர்களுக்கு வழக்கமான இடத்துக்கு மேலே நின்ற சுருதி, அகாரத்தில் மின்னல் வேகம்.

இங்கேதான் வயது விஷயம் முக்கியமாகிறது. இளமைக் கால ஜி.என்.பி. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய இசைத்தட்டுகளில். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான். நீண்ட கச்சேரிப் பதிவுகள் பின்னால் வந்தவை; அப்போது குரல் முன்போல் இல்லை. அந்த மூன்று நிமிஷக் குரல் ஒரு முழு ராகம்-தானம்-பல்லவியைப் பாடினால் எப்படி இருக்கும் என்பதுதான் இந்த அணியின் ஆசை. லால்குடி (1930-2013) ஜி.என்.பி.க்கு வாசித்தது உண்டு, ஆனால் இளைஞராக. சாகித்யத்தின் ஒவ்வொரு எழுத்தையும் வில்லில் உச்சரிக்கும் அந்த முதிர்ந்த லால்குடி பாணியும், 1940களின் ஜி.என்.பி.யும் ஒரே மேடையில் உட்கார வழியே இல்லை. கனவு கேட்கத் தகுந்த சேர்க்கை.

மேல் சுருதி என்பதால் கடம் நன்றாக எடுபடும். அதனால்தான் ஆலங்குடி ராமச்சந்திரன். மிருதங்கத்தில் மணி ஐயரின் சீடர் பாலக்காடு ரகு (1928-2009). கணக்கு நிறைந்த, சொற்கள் தெளிவாக விழும் கை அவருக்கு.

எனக்கு இருக்கும் பயம், எல்லோருமே வேகத்துக்குப் பதில் வேகம் கொடுக்கக்கூடியவர்கள் என்பதுதான். பாடகர் பிருகாவை உதிர்க்க, வயலின் அதே சூட்டில் திருப்பிக் கொடுக்க, மிருதங்கமும் நிரப்பிக்கொண்டே போனால் நடுவில் மௌனமே இருக்காது. இரண்டாம் மணி நேரத்தில் காது கொஞ்சம் ஓய்வு கேட்கும். கச்சேரி என்றால் கரகோஷம் எழ வேண்டும், உடம்பு சிலிர்க்க வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த அணி இல்லை.

## அணி 3: எம்.டி.ராமநாதன், டி.என்.கிருஷ்ணன், பழனி, ஹரிசங்கர்

எம்.டி.ஆர். (1923-1984) டைகர் வரதாச்சாரியாரின் சீடர், கலாக்ஷேத்திராவில் ஆசிரியராக இருந்தவர், வரததாசர் என்ற முத்திரையில் பாட்டுகள் இயற்றியவர். ஒரு கட்டைக்கும் கீழே போன சுருதி. சௌக்க காலம், அதாவது மெதுவான நடை. ஒரு வரியைப் பாடிவிட்டு நிறுத்துவார். அந்த நிறுத்தத்திலும் தம்புரா வழியாக ராகம் நடந்துகொண்டே இருக்கும். ஒரு சொல்லை எடுத்து, அதை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த சொல்லுக்குப் போவார்.

இந்த இடைவெளிகளில் என்ன வாசிப்பது? அதுதான் மிருதங்கக்காரருக்குச் சோதனை. நிரப்பினால் பாட்டு போச்சு. சும்மா இருந்தால் கச்சேரி தூங்கும். பழனியின் (1909-1962) பதிவுகளைக் கேளுங்கள். அவர் ஒரு கும்கியை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும் விதம் இருக்கிறதே, அதுவே அந்த இடைவெளியைத் தாங்கும். தொப்பியை இடைமறித்து அடக்கி, வளைத்து, பேசவைக்கும் அந்தக் கைக்குத் தக்கு சுருதியின் அகலமான தோல் கிடைத்தால்! 1970களின் எம்.டி.ஆருக்கு வாசிக்கப் பழனி உயிரோடு இல்லை.

கஞ்சிராவில் ஜி.ஹரிசங்கர் (1958-2002). பழனி மறைந்தபோது இவர் சின்னக் குழந்தை. ஆனால் இருவரும் லயத்தில் சொந்தக்காரர்கள். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமுண்டியா பிள்ளை வழிவந்த புதுக்கோட்டைப் பரம்பரையில் வளர்ந்தவர் பழனி; அதே வழியில் வந்த ராமநாதபுரம் முருகபூபதியிடம் கற்றவர் ஹரிசங்கர். ஒரே பாஷை பேசத் தெரிந்தவர்கள், ஒருநாளும் பேசிக்கொள்ள முடியாமல் போனவர்கள். இந்தத் தனி ஆவர்த்தனத்தை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. தாழ்ந்த சுருதிக்குக் கடம் கிடைப்பது கடினம் என்ற பிரச்சினையும் கஞ்சிராவால் தீர்ந்துவிடுகிறது.

வயலினில் டி.என்.கிருஷ்ணன் (1928-2020). சுருதி இறங்கும்போது தந்தி தளரும். அழுத்தி இழைத்தால் நாதம் கரகரக்கும். நீளமான வில், சுத்தமான நாதம், அலட்டல் இல்லாத வாசிப்பு கொண்ட அவர் கையில் அது நடக்காது. லால்குடி இருந்தாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இந்த மேடைக்கு இவர்தான் பொருத்தம்.

செலவுகளை மறைக்க மாட்டேன். முதலாவது, பழனி இடதுகைக்காரர். வலதுகை மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால் வலந்தலை சபையைப் பார்க்கும். இடதுகைக்காரருக்கு அது தலைகீழ். அவர் இடப்பக்கம் உட்கார வேண்டும். அங்கே ஏற்கெனவே வயலின் இருக்கிறது. வயலின்காரர் இடம் மாறிக்கொடுக்க வேண்டும், மாறினால் வில் பிடித்த கை சபைப் பக்கம் வரும். இதற்குச் சம்மதிக்காத வயலின் வித்வான்களால் பழனி இழந்த கச்சேரிகள் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். நம் கனவு மேடையில் முதல் வேலையே இந்த இடத்தை மாற்றிப் போடுவதுதான். இத்தனை பெரிய கலைஞருக்கு உயிரோடு இருந்தபோது எளிதாகக் கிடைக்காத மரியாதை அது.

இரண்டாவது, மூன்று மணி நேரத்தில் பாட்டு எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். பாட்டு வரிசையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்பவர்கள் ஏமாறுவார்கள். மூன்றாவது, எம்.டி.ஆர். எல்லோருக்கும் முதல் தடவை கேட்டவுடனேயே பிடிப்பவர் இல்லை. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

## அணி 4: பட்டம்மாள், எம்.எஸ்.ஜி., மணி ஐயர்

பெண்கள் மேடையில் ராகம்-தானம்-பல்லவி பாடுவது வழக்கமில்லாத காலத்தில் அதைத் துணிந்து பாடியவர் டி.கே.பட்டம்மாள் (1919-2009). தீக்ஷிதர் கிருதிகளில் அவர் பாடாந்தரத்தின் சுத்தம் தனி. பாரதியார் பாடல்களை மேடையில் நிலைநிறுத்தியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. லயத்தில் அசைக்க முடியாதவர் என்பதால் எந்த மிருதங்கமும் அவருக்குப் பெரிதில்லை.

பெண் பாடகர்களுக்கு நெடுங்காலம் வாசிக்காத மணி ஐயர், பிற்காலத்தில் பட்டம்மாளுக்கு வாசித்தார். பிறகு இரண்டு குடும்பங்களும் சம்பந்திகள் ஆயின. ஆக, இந்த அணியின் நடுப்பகுதி நிஜமாகவே நடந்தது. கிடைக்கும் பதிவுகளைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பரூர் பாணியின் எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன் (1931-2013) மேல் சுருதியில் வில்லை வீசினால் அந்தத் துல்லியமே ஒரு விருந்து. ஹெச்சு சுருதி மிருதங்கத்தில் தொப்பியின் கனம் குறையும் என்பது மட்டும்தான் குறை.

கீர்த்தனைகளைக் கற்றுக்கொண்டிருப்பவர்கள், தீக்ஷிதரை நேசிப்பவர்கள் யோசிக்காமல் இங்கே வரலாம்.

## அணி 5: வேணு, வயலின், வீணை

லால்குடி 1960களின் நடுவில் என்.ரமணியின் குழலையும் திருவனந்தபுரம் ஆர்.வெங்கட்ராமனின் வீணையையும் சேர்த்து உருவாக்கிய கூட்டு இது. மூவரும் இன்று இல்லை: வெங்கட்ராமன் 2010இல், லால்குடி 2013இல், ரமணி 2015இல் மறைந்தார்கள். குழலும் வயலினும் நாதத்தை இழுத்து நிறுத்த, வீணை மீட்டு விழுந்து அடங்கும். இந்த வித்தியாசத்தை வைத்தே அமைந்த சங்கீதம். வேலூர் ராமபத்ரனின் மெத்தென்ற சர்வலகு (கணக்கில்லாமல் சீராக ஓடும் மிருதங்க நடை) இதற்குக் கச்சிதம்.

ரமணிக்குப் பதில் அவருடைய குரு மாலியையே போட்டால் என்ன என்று தோன்றும். டி.ஆர்.மகாலிங்கம் (1926-1986) வாசித்த நாளில் அவருக்கு நிகர் கிடையாது. வாசிக்காமல் போன நாட்களும் உண்டு. ஒரே ஒரு மாலைதான் நம் கையில் இருக்கிறது என்றால் அந்த அபாயத்தை நான் எடுக்கமாட்டேன். தமிழோ தெலுங்கோ தெரியாத நண்பர்களோடு போவதென்றால் இந்த அணி மிக வசதி.

## என் தேர்வு, உங்கள் சோதனை

நான் மூன்றாம் அணிக்குப் போவேன். அணி 1, 4, 5 மூன்றிலும் முக்கியமான சேர்க்கை வாழ்க்கையிலேயே நடந்துவிட்டது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் காலம் குறுக்கே நின்றது. அந்த இரண்டில், ஒருவர் வாசிப்பு இன்னொருவருக்கு இடம் விடுவது மூன்றாவதில். சுருதியும் அங்கேதான் எல்லோருடைய பலத்தையும் வெளியே கொண்டுவருகிறது.

இதை அப்படியே ஏற்க வேண்டாம். சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். எம்.டி.ஆரின் ஒரு நீண்ட கீர்த்தனைப் பதிவை எடுங்கள். மிருதங்கத்தை மட்டும் கவனித்து, பாடகர் நிறுத்துகிற இடங்களில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பிறகு பழனி வாசித்த ஏதாவது ஒரு கச்சேரியில் தனியை விட்டுவிட்டு, பாட்டுக்கு வாசிக்கும் பகுதியை மட்டும் கேளுங்கள். அடுத்து ஜி.என்.பி.யோடும் பட்டம்மாளோடும் இதையே செய்யுங்கள். எந்த இரண்டு பதிவுகளுக்கு நடுவே "இந்தக் கை அந்தப் பாட்டுக்குப் போயிருக்க வேண்டும்" என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அங்கிருந்து உங்கள் அணியைக் கட்ட ஆரம்பியுங்கள். வயலினைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். இருவரையும் கேட்டபிறகு அது தானாகவே தெரியும்.